யாருமில்லாத இரண்டு வாரம்

டிசம்பர் மூன்றாவது வாரம். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், பல்கலைக்கழக ஊரான அர்பானா-ஷாம்பெய்னில் கடைசிப் பரீட்சையும் முடிந்துவிட்டது. போன வாரம்வரை இரவு இரண்டு மணிக்கும் பாட்டும் கூச்சலுமாக இருந்த தெருக்களில் இப்போது ஈ காக்கை இல்லை. நெற்றியில் இரண்டு மூன்று கிரேக்க எழுத்துகளைப் பதித்துக்கொண்டு பெரிய பெரிய செங்கல் வீடுகள் வரிசையாக இருட்டில் நிற்கின்றன. ஒரே ஒரு வீட்டில் மட்டும் வெளிச்சம். வீட்டுப் பொறுப்பாளனான இருபது வயதுப் பையன் கடைசியாக ஒரு சுற்றுச் சுற்றி வருகிறான். ஃபிரிட்ஜைக் காலி செய்தாகிவிட்டது. குப்பையை வெளியே வைத்தாகிவிட்டது. ஜன்னல்களையும் பார்த்தாயிற்று, அநேகமாக எல்லாவற்றையும். போகிற போக்கில் சுவரிலிருக்கும் தெர்மோஸ்டாட்டை நன்றாகக் குறைத்து வைக்கிறான். ஆளில்லாத வீட்டைச் சூடாக்க எதற்குக் காசு? நல்ல எண்ணம்தான். கதவைப் பூட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்புகிறான்.

அவன் திரும்பி வர எப்படியும் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும்.

இந்த வீடுகளை ‘ஃபிரேட்டர்னிட்டி ஹவுஸ்’ என்பார்கள். ஹாஸ்டல் என்று சொன்னால் பாதிதான் சரி. அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் தங்களுக்குள் அமைத்துக்கொண்ட சகோதர சங்கங்களின் வீடுகள் இவை. நியூயார்க் மாநிலத்தின் யூனியன் கல்லூரியில் 1825இல் தொடங்கிய கப்பா ஆல்ஃபா சங்கத்திலிருந்து இந்த வழக்கம் கிளை விட்டது. தொடக்கத்தில் சங்கங்களுக்கு வீடு கிடையாது. 1840களின் நடுவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்து மாணவர்கள் காட்டுக்குள் மரக்கட்டைகளை அடுக்கி ஒரு குடில் போட்டார்கள். அதைத்தான் முதல் சங்க வீடு என்று சொல்வது வழக்கம். அங்கிருந்து தூண்களும் ஸ்லேட் கற்கூரையுமாக மாளிகைகள் எழும்ப அறுபது எழுபது ஆண்டுகள் போதுமாக இருந்தன. அர்பானா-ஷாம்பெய்னில் இந்தச் சங்கங்கள் மிக அதிகம். அங்குள்ள சங்க வீடுகளில் பல, இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகளில் கட்டியவை. சில அமெரிக்காவின் வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலிலும் இடம்பெற்றிருக்கின்றன.

அப்படியென்றால் இவை நூறு வயதுக் கட்டடங்கள். ஒவ்வொன்றிலும் நாற்பது ஐம்பது பேர், எல்லோரும் இருபதை ஒட்டிய வயது. மூன்று நான்கு வருஷத்தில் ஆட்கள் முழுக்க மாறிவிடுவார்கள். வீட்டின் உரிமையாளர் யார் என்று கேட்டால், பெரும்பாலும் முன்னாள் மாணவர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சிறு நிறுவனம். அதன் தலைவர் வேறு ஊரில் வக்கீலாகவோ பல் டாக்டராகவோ இருப்பார். வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை வந்து பார்ப்பார். இப்படி ஒரு வீட்டைக் காப்பீடு செய்யச் சொன்னால் எந்தக் கம்பெனியும் கொஞ்சம் யோசிக்கத்தான் செய்யும். 1980களில் யோசித்தார்கள். பல சங்கங்களுக்குக் காப்பீடு கிடைப்பதே பெரும்பாடாகிப் போனது. 1987இல் சில சங்கங்கள் கூடி, மொத்தமாகக் காப்பீடு வாங்குவதற்கென்றே தனியாக ஒரு கூட்டமைப்பைத் தொடங்கின. குடி, கும்மாளம், ராகிங் வழக்குகள்தான் அதற்கு முக்கியக் காரணம். ஆனால் வழக்கு மன்றத்துக்கே போகாத எதிராளி ஒன்று அந்த வீடுகளுக்குள்ளேயே இருக்கிறது. தண்ணீர்.

நம் வீட்டில் நடப்பதிலிருந்தே தொடங்கலாம். மூடி திறக்காத கேன் தண்ணீர் பாட்டில் ஒன்றை ஃப்ரீஸரில் வைத்துவிட்டு மறந்து போயிருப்பீர்கள். இரண்டு மணி நேரம் கழித்து எடுத்தால், சில சமயம், இன்னும் தண்ணீராகவே இருக்கும். பரவாயில்லை என்று மேஜைமேல் ‘டக்’கென்று வைத்தவுடன் மேலிருந்து கீழாக வெள்ளை வெள்ளையாகப் பூ ஓடி, கண் முன்னாலேயே பாட்டில் முழுக்கப் பனிக்கூழாகிவிடும். மந்திரம் போல இருக்கும். தண்ணீர் பூஜ்ஜியம் டிகிரியில் உறையும் என்று பள்ளியில் படித்தது பாதி உண்மைதான். பூஜ்ஜியத்தில் உறைய அதற்கு அனுமதி உண்டு, கட்டாயம் இல்லை. முதல் பனித்துகள் உருவாக ஒரு சாக்கு வேண்டும்: ஒரு தூசி, ஒரு சொரசொரப்பு, ஓர் அதிர்ச்சி. அது கிடைக்கும்வரை மைனஸ் நான்கு, ஐந்து, ஆறு வரைகூடத் தண்ணீர் தண்ணீராகவே காத்திருக்கும். மீக்குளிர்ந்த தண்ணீர் என்று இதற்குப் பெயர்.

சுவருக்குள் ஓடும் செம்புக் குழாயிலும் இதே கதைதான். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆர்.ஆர். கில்பின் 1970களில் இதை நுணுக்கமாக ஆராய்ந்தார். குழாயில் நிற்கும் தண்ணீர் பூஜ்ஜியத்தைத் தாண்டிச் சில டிகிரி கீழே போகிறது. பிறகு ஒரு கணத்தில், இறகும் பெரணி இலையும் போலக் கிளைத்த மெல்லிய பனித்தாள்கள் குழாயின் குறுக்கே பாய்கின்றன. அப்போது உறைவது எவ்வளவு தண்ணீர் தெரியுமா? ஐந்து டிகிரி மீக்குளிர்ந்த தண்ணீர் என்றால் கணக்குப்படி ஆறு சதவீதம்தான். பாக்கி 94 சதவீதம் தண்ணீராகவே இருக்கிறது. ஆனாலும் அந்தப் பனி இறகுகளின் பின்னலுக்குள் மாட்டிக்கொண்டு அது நகர முடிவதில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வராது. அடைப்பு விழுந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் குழாயின் உட்சுவரிலிருந்து நடுவை நோக்கி, மரத்தின் வளையங்கள் மாதிரி, கெட்டிப் பனி பொறுமையாக வளர்ந்து அந்த இடத்தைக் கார்க் போட்டதுபோல அடைத்துக்கொள்கிறது.

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நான் உட்படப் பெரும்பாலானோர் தப்பாகவே நினைத்துக்கொண்டிருந்த விஷயம்.

தண்ணீர் உறையும்போது ஒன்பது சதவீதம் விரிகிறது. ஆகவே பனி பக்கவாட்டில் தள்ளித் தள்ளிக் குழாயைப் பிளந்துவிடுகிறது. இதுதானே நாம் நினைப்பது? 1990களின் நடுவில் இதைச் சோதித்துப் பார்த்தவர் ஜெஃப்ரி கோர்டன். இடம், நம்முடைய அதே அர்பானா-ஷாம்பெய்ன். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் கட்டட ஆய்வுப் பிரிவு. சங்க வீடுகள் இருக்கும் அதே வளாகம்தான். செலவைக் கொடுத்தது காப்பீட்டுத் துறையின் ஆய்வு அமைப்பு. நஷ்டஈடு கொடுத்துக் கொடுத்துக் கை சலித்தவர்கள் அவர்கள்தானே. குழாய்களில் அழுத்தமானிகளைப் பொருத்தி உறையவிட்டுப் பார்த்தபோது தெரிந்தது: பனி பிடித்த இடத்திலேயே குழாய் வெடிக்க வேண்டும் என்றில்லை. பல சமயம் பனியே இல்லாத இடத்தில்தான் வெடிக்கிறது.

காரணம் இதுதான். பனிக்கட்டி குழாய்க்குள் பிஸ்டன் மாதிரி வேலை செய்கிறது. பக்கவாட்டில் வளர இடமில்லாமல் நீளவாக்கில் நீள்கிறது. ஒரு பக்கம் தெருக்குழாய். அந்தத் திசையில் தள்ளினால் தண்ணீர் பின்வாங்கிப் போய்விடும், பாதகமில்லை. மறுபக்கம் மூடிய குழாய்முனை. பனிக்கும் குழாய்முனைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தண்ணீருக்குப் போக்கிடம் கிடையாது. தண்ணீரோ எளிதில் அமுங்குகிற பொருளும் இல்லை. அரை அங்குலக் குழாயில் இப்படி அரை லிட்டர் தண்ணீர் மாட்டிக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் இன்னும் ஏறக்குறைய மூன்று தேக்கரண்டித் தண்ணீர் திணிக்கப்பட்டால் போதும், அழுத்தம் நானூறு வளிமண்டலத்தைத் தாண்டிவிடும். வீட்டுக் குழாயில் சாதாரணமாக இருப்பது மூன்று நான்குதான். நானூறு, ஐநூறில் செம்புக் குழாய் முதலில் வயிறு உப்பிக் கடைசியில் மீன்வாய் திறந்ததுபோலக் கிழிகிறது. ஒரு மீட்டர் நீளத்துக்குப் பனி வளர்ந்தால் அந்த மூன்று தேக்கரண்டி வந்துவிடும்.

கடுங்குளிர் ராத்திரிகளில் ‘குழாயைச் சொட்டவிட்டுத் தூங்குங்கள்’ என்று அந்த ஊர்ப் பாட்டிமார்கள் சொல்வார்கள். ஓடும் தண்ணீர் உறையாது என்பது அவர்கள் சொன்ன காரணம். காரணம் முழுக்கச் சரியில்லை, வைத்தியம் முழுக்கச் சரி. மெல்லச் சொட்டும் தண்ணீரும் உறையத்தான் செய்யும். ஆனால் முனை திறந்திருப்பதால் பிஸ்டன் தள்ளும் தண்ணீர் சொட்டாக வெளியே போய்விடுகிறது. அழுத்தம் ஏறுவதில்லை. அடைத்தாலும் குழாய் வெடிக்காது.

கோர்டனின் ஆய்வு இன்னொரு எண்ணையும் தந்தது: 20 டிகிரி ஃபாரன்ஹீட். நம் கணக்கில் சுமார் மைனஸ் 7. சூடு படாத பரணில், உறை போடாத குழாய் இருந்தால், வெளிக்குளிர் இந்த எல்லையைத் தொடும்போது ஆபத்து தொடங்குகிறது. அதற்கு மேல் என்றால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். சுவரில் ஒரு சிறு ஓட்டை இருந்து, அதன் வழியே குழாய்மேல் நேராகக் காற்று வீசினால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. கேபிள் டிவிக்காரன் என்றைக்கோ போட்டுவிட்டு அடைக்காமல் போன துளை போதும்.

அர்பானா-ஷாம்பெய்னில் ஜனவரி இரவுகளின் சராசரிக் குளிரே மைனஸ் எட்டை ஒட்டி வரும். மாநிலத்தின் வடக்கு மூலையில் மவுன்ட் கேரல் என்ற ஊரில் 2019 ஜனவரி 31 அன்று மைனஸ் 39 பதிவானது. அப்படியானால் அந்த ஊர்க் குழாய்கள் ஒவ்வொரு குளிர்காலமும் வெடிக்க வேண்டுமே? வெடிப்பதில்லை, ஏனென்றால் அங்கே கட்டுகிறவர்களுக்குக் குளிர் பழக்கம். குழாய்களை உள்சுவர்களில்தான் கொண்டுபோவார்கள். குளிரே வராது என்று நம்பிக் கட்டிய ஊர்களில்தான் பெரிய சேதம். 2021 பிப்ரவரி 16 அன்று டெக்சாஸின் டாலஸில் மைனஸ் 19 ஆனது. மாநிலத்தின் பல பகுதிகள் மின்சாரம் இல்லாமல் கிடந்தன. லட்சக்கணக்கான வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் ஒழுங்காக வரவில்லை, எண்ணற்ற வீடுகளின் கூரை வழியாகத் தண்ணீர் கொட்டியது.

வடக்கில் வீட்டைக் காப்பது குழாய் போகும் வழி மட்டும் இல்லை. உள்ளே சூடு இருக்க வேண்டும். அந்தச் சூடு நின்றுவிட்டால்?

நம் பையன் பூட்டிவிட்டுப் போன வீட்டுக்கு வருவோம். நிலவறையில் ஒரு பழைய பாய்லர் இருக்கிறது. அங்கிருந்து சுடுநீரோ நீராவியோ மேலேறி அறைக்கு அறை ரேடியேட்டரைச் சூடாக்குகிறது. 2022 கிறிஸ்துமஸுக்கு முன்னால் வந்தது போன்ற ஒரு குளிர்ப்புயல் வருகிறது என்று வையுங்கள். அந்த வாரம் இல்லினாயில் ஒரே நாளுக்குள் வெப்பம் சரிந்து மைனஸ் 20க்கு வந்தது. வளாகங்களெல்லாம் காலியாகக் கிடந்த நேரம். காற்றில் மின்சாரம் ஒரு நொடி போய் வருகிறது. பாய்லரின் பாதுகாப்பு ஸ்விட்ச் ‘டிரிப்’ ஆகிறது. ஒரு பட்டனை அமுக்கினால் மறுபடி ஓடும். அமுக்கத்தான் ஆள் இல்லை. கெட்டிச் செங்கல் சுவர் ஒரு நாள், ஒன்றரை நாள் தாக்குப்பிடிக்கும். பிறகு வடக்குச் சுவரை ஒட்டிய குளியலறை, சமையலறைத் தொட்டிக்குக் கீழே கதவு மூடிய அலமாரி என்று ஒவ்வோர் இடமாகக் குளிர் நுழைகிறது. பையன் ஏற்கெனவே தெர்மோஸ்டாட்டைக் குறைத்துவிட்டுப் போயிருக்கிறான். தொடங்கும்போதே கைமுதல் குறைவு.

குழாய் கிழிகிறது. ஒன்றும் நடக்கவில்லை. பனியே கார்க்காக இருந்து தண்ணீரைத் தடுத்து வைத்திருக்கிறது. இரண்டு நாள் கழித்து வெயில் அடிக்கிறது. பனி இளகுகிறது. வெள்ளம் அப்போதுதான் வருகிறது; குளிர் போன பிறகு, எல்லோரும் அப்பாடா என்று மூச்சு விடும் நேரத்தில்.

மூன்று மில்லிமீட்டர் ஓட்டை ஒன்றே ஒன்று என்று வைத்துக் கணக்குப் போட்டேன். வழக்கமான வீட்டு அழுத்தத்தில் நிமிடத்துக்கு ஏழெட்டு லிட்டர் போகும். ஒரு நாளைக்குப் பத்தாயிரம் லிட்டருக்கு மேல். கிழிந்த குழாயின் வாயோ இதைவிடப் பெரிது. மூன்றாவது மாடியில் தொடங்கினால் அந்தத் தண்ணீர் ஒவ்வொரு தளத்தின் மரப்பலகை வழியாகவும் இறங்கி, கடைசியில் நிலவறையில் இருக்கும் பாய்லரையும் மின்பெட்டியையும் மூழ்கடிக்கும். போன நூற்றாண்டின் சுண்ணாம்புப் பூச்சு ஓரளவு தாங்கும். பிற்காலத்தில் ரிப்பேர் செய்தபோது ஒட்டிய ஜிப்சம் பலகை தாங்காது. அதன் இரு முகத்திலும் காகிதம். காகிதம் தண்ணீரை உறிஞ்சி மேலேற்றும். பூஞ்சைக்குச் சாப்பாடும் அதுதான். நனைந்ததை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயவைக்க வேண்டும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை சொல்கிறது. அதற்குப் பிறகு பூஞ்சைக்கு ஈடு கொடுக்க முடியாது. நம் பையனின் வீட்டுக்கு ஆள் வர இன்னும் பத்து நாள் பாக்கி இருக்கிறது.

சேதத்தின் அளவைத் தீர்மானிப்பது ஓட்டையின் அளவைவிட, யாரும் பார்க்காத நேரத்தின் அளவு. இந்த வீடுகளைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு இந்த ஒரு விஷயம்தான் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. ஐம்பது பேர் இருக்கும் வீட்டில் குழாய் வெடித்தால் ஐந்து நிமிடத்தில் ஒருவன் கத்துவான். அவர்கள் இருக்கும்போது வீட்டுக்கு ஆபத்து அவர்களால். இல்லாதபோது ஆபத்து அவர்கள் இல்லாததால்.

அவர்கள் இருக்கும்போது வரும் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். 1996 மே 12, நார்த் கரோலினா பல்கலைக்கழகம் இருக்கும் சேப்பல் ஹில் ஊரில் பட்டமளிப்பு நாள். அன்னையர் தினமும் கூட. அன்று அதிகாலையில் ஃபை காமா டெல்டா சங்க வீட்டின் நிலவறையில் தீப்பிடித்தது. ஐந்து மாணவர்கள் இறந்தார்கள். பிள்ளைகளின் பட்டமளிப்புக்காக ஊருக்கு வந்திருந்த குடும்பங்கள் நிறைய. அதன் பிறகு, ஊரிலுள்ள எல்லாச் சங்க வீடுகளிலும் ஐந்து ஆண்டுகளுக்குள் தானியங்கித் தெளிப்பான்கள் பொருத்தியே ஆக வேண்டும் என்று சேப்பல் ஹில் நகரசபை விதி செய்தது.

ஏன் தெளிப்பான்? புகையை மோப்பம் பிடிக்கும் அலாரம் போதாதா? போதாது என்பதற்கு ஒரு சோதனை இருக்கிறது. அமெரிக்காவின் யுஎல் நிறுவனம் இரண்டு வரவேற்பறைகளை அமைத்தது. ஒன்றில் பாட்டன் காலத்துச் சாமான்கள்: மரம், பருத்தி. மற்றதில் இன்றைய சோபா, இன்றைய திரை, இன்றைய கம்பளம். அதாவது நுரை, பாலியஸ்டர், பெட்ரோலியத்தின் பேரப்பிள்ளைகள். இரண்டிலும் தீ வைத்தார்கள். பழைய அறை முழுக்கத் தீக்கோளமாக மாற 29 நிமிடத்துக்கு மேல் ஆனது. புதிய அறைக்கு மூன்று நிமிடம் 40 நொடி. தூக்கத்திலிருந்து எழுந்து, இது அலாரமா, எவனாவது விளையாடுகிறானா என்று ஒரு மாணவன் யோசித்து முடிப்பதற்குள் காலம் கடந்துவிடும்.

தெளிப்பானின் உள்ளே இருக்கும் தந்திரம் அழகானது. விரல் நுனி அளவுக்கு ஒரு கண்ணாடிக் குப்பி; உள்ளே சிவப்புத் திரவம்; அதில் ஒரு சின்னக் காற்றுக் குமிழி. சூடு ஏற ஏறத் திரவம் விரிந்து குமிழியை விழுங்கிவிடும். 68 டிகிரியில் குப்பிக்குள் இடமே இருக்காது. கண்ணாடி உடைகிறது, அடைப்பு விழுகிறது, தண்ணீர் பாய்கிறது. மின்சாரம் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம். சினிமாவில் காட்டுவதுபோல ஒன்று திறந்தால் எல்லாம் திறப்பதில்லை. எதன் கீழே தீயோ அது மட்டும்தான். பெரும்பாலான தீயை ஒன்றிரண்டு தலைகளே அடக்கிவிடுகின்றன.

ஆனால் பாருங்கள், தீயிலிருந்து காக்க நாம் என்ன செய்தோம்? வீட்டின் மாடி, பரண், மூலை முடுக்கெல்லாம் தண்ணீர் நிரம்பிய குழாய்களைக் கொண்டுபோய் வைத்தோம். எந்நேரமும் அழுத்தத்தோடு, எந்நேரமும் அசையாமல் நிற்கும் தண்ணீர். உறைவதற்கு இதைவிட வசதி கிடையாது.

அந்தப் பகுதியின் சங்க வீடுகளில் இதற்கு மேலும் ஒரு விசித்திரம் உண்டு. இல்லினாய், இண்டியானா பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றில் மேல்மாடியில் ‘கோல்ட் டார்ம்’ என்று ஒரு பெரிய கூடம் இருக்கும். அறைகளில் படிப்பும் அரட்டையும். தூங்குவது மட்டும் எல்லோரும் சேர்ந்து அந்தக் கூடத்தில், அடுக்குக் கட்டில்களில், நடுக்குளிர்காலத்திலும் ஜன்னலைத் திறந்துபோட்டுக்கொண்டு. நெஞ்சுச் சளிக்கும் காசநோய்க்கும் திறந்த காற்றே மருந்து என்று நம்பிய காலத்தின் மிச்சம் என்பார்கள். இப்போது யாரும் மருந்துக்காகச் செய்வதில்லை. தாத்தா செய்தார், நாமும் செய்கிறோம், அவ்வளவுதான். அந்தக் கூடத்தின் உத்தரத்தில் தெளிப்பான் குழாயை எப்படி ஓட்டுவது?

அதற்குத்தான் உலர்குழாய் ஏற்பாடு. குழாயில் தண்ணீருக்குப் பதில் அழுத்திய காற்று. அந்தக் காற்றின் அழுத்தத்தால் கீழே சூடான ஓர் அறையில் ஒரு வால்வு மூடியே நிற்கும், பின்னால் தண்ணீர் காத்திருக்கும். மேலே ஒரு குப்பி உடைந்தால் காற்று வெளியேறும், வால்வு திறக்கும், தண்ணீர் ஓடிவரும். சில நொடி தாமதம் ஆகும், உறைவதைவிட மேல். இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அழுத்திய காற்றில் ஈரம் உண்டு. அது குழாயின் தாழ்ந்த வளைவுகளில் சொட்டுச் சொட்டாகச் சேரும். அதற்காக அந்த இடங்களில் சிறு வடிகுழாய் வைத்திருப்பார்கள். ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் யாராவது வாளியோடு போய் அதைத் திறந்து வடிக்க வேண்டும். அவர் ஒரு வருஷம் மறந்தால், உலர்குழாயும் உறைந்து உடையும்.

கூரைக்கு வருவோம். பனிக்கட்டி அணை என்று ஒன்று. படங்களில் அழகாக இருக்கும்: இறவாணம் நெடுகக் கண்ணாடிச் சரங்கள் தொங்கும். வீட்டுக்காரனுக்கு அது வியாதியின் அறிகுறி. வீட்டின் சூடு பரணுக்குக் கசிந்து, கூரையை அடியிலிருந்து சூடாக்குகிறது. மேலே கிடக்கும் பனியின் அடிப்பக்கம் உருகி ஓடிவருகிறது. இறவாணம் சுவரைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் அங்கே சூடில்லை. வந்த தண்ணீர் மறுபடி உறைகிறது. நாள்தோறும் இப்படி உறைந்து ஓர் அணை எழும்புகிறது. அதற்குப் பின்னால் குளம். கூரை ஓடுகள் ஓடும் தண்ணீரைத் தள்ளிவிடத்தான் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியவை. தேங்கும் தண்ணீர் ஓட்டின் அடியில் பின்பக்கமாக ஏறி உள்ளே இறங்கிவிடும்.

இதற்குக் கோடாரியோடு கூரையேறிப் பனியை வெட்டுகிறவர்கள் உண்டு; பனியோடு ஓடும் போய்விடும். சரியான வைத்தியம் கூரையைக் குளிராக வைத்திருப்பது. பரணின் தரையில் சூட்டைத் தடுக்கும் பஞ்சை நன்றாகப் பரப்பி, பரணுக்குள் வெளிக்காற்று போய்வர வழி விட்டால், கூரைமேல் பனி உருகாமல் அதுபாட்டுக்குக் கிடக்கும். ஜன்னல் திறந்த கோல்ட் டார்முக்கு மேலே இருக்கும் கூரையில் இந்தத் தொந்தரவு குறைவாகவே இருக்க வேண்டும். அந்தத் தாத்தாக்கள் அறியாமல் செய்த நன்மை என்று எனக்குத் தோன்றுகிறது.

கோடையில் ஆலங்கட்டி, சூறாவளி. ஐந்து சென்டிமீட்டர் ஆலங்கட்டி மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் வந்து விழும். ஸ்லேட் உடைந்தால் உடனே தெரியும். தார்ப்பலகைக் கூரை என்றால் மேலே ஒட்டியிருக்கும் கல்மணிகள் உதிரும். அந்த மணிகள்தான் வெயிலிலிருந்து தாரைக் காப்பவை. ஒழுக்கு தெரிய ஆண்டுகள் ஆகும். காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. சவுத் கரோலினாவின் ரிச்பர்க்கில் காப்பீட்டு நிறுவனங்களே 2010இல் ஓர் ஆய்வுக்கூடம் திறந்தன. 105 ராட்சத மின்விசிறிகள், முழு வீட்டையே உள்ளே வைக்கும் அளவுக்குக் கூடம். ஒன்றுபோல் தெரியும் இரண்டு வீடுகளை நிறுத்திக் காற்றடித்தார்கள். மத்திய மேற்குப் பகுதியில் வழக்கமாகக் கட்டுவது போன்ற வீடு சில நிமிடத்தில் சரிந்தது. கூரையையும் சுவரையும் அடித்தளத்தையும் உலோகப் பட்டைகளால் பிணைத்த வீடு நின்றது. கூரையைக் காற்று கீழே அமுக்கும் என்றுதான் தோன்றும். உண்மையில் மேலே உறிஞ்சித் தூக்குகிறது. கதவோ ஜன்னலோ திறந்துகொண்டால் உள்ளிருந்தும் காற்று தள்ளும். அதனால்தான் பையன் ‘அநேகமாக’ எல்லா ஜன்னலையும் பார்த்தான் என்று சொன்னபோது எனக்கு உறுத்தியது.

இவ்வளவுக்கும் காப்பீட்டுப் பத்திரம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. அமெரிக்காவில் புழக்கத்திலிருக்கும் வழக்கமான கட்டடக் காப்பீட்டுப் படிவத்தில், குழாய் உறைந்து வந்த சேதத்துக்குப் பணம் வேண்டுமென்றால், ஒன்று வீட்டைச் சூடாக வைக்க உங்களால் முடிந்ததைச் செய்திருக்க வேண்டும். இல்லையென்றால் தண்ணீரை அடைத்துக் குழாய்களை வடித்திருக்க வேண்டும். தெர்மோஸ்டாட்டை இறக்கிவிட்டுப் போன பையனின் விரல், பல லட்சம் டாலர் விவகாரத்தில் சாட்சியாகிவிடும். மிச்சப்படுத்தியது இரண்டு வாரத்து கேஸ் பில். 55 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 13 டிகிரிக்குக் கீழே இறக்காதீர்கள் என்பதுதான் அங்கே எல்லோரும் சொல்லும் அளவு.

இப்போது கருவிகள் வந்துவிட்டன. தரையில் வைக்கும் உணரி, ஈரம் பட்டால் போனுக்குச் செய்தி அனுப்பும். பிரதான குழாயில் பொருத்தும் வால்வு, ஆளில்லாத நேரத்தில் தண்ணீர் ஓடுவது தெரிந்தால் தானே அடைத்துக்கொள்ளும். நல்ல விஷயங்கள், வாங்கிப் போடலாம். ஆனால் வைஃபை பெட்டியை அணைத்துவிட்டுப் போனால் உணரி ஊமை. செய்தி போய்ச் சேரும் போன் எண், இரண்டு வருஷத்துக்கு முன் பட்டம் வாங்கிப் போன பழைய பொறுப்பாளனுடையதாகவே இருக்கும். பெயர்ப்பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும் வீட்டில் இது நடக்கக்கூடியதுதான். அடைக்கும்போதும் ஒரு கவனம் தேவை: குடிநீர்க் குழாயின் வால்வை மூடலாம், தெளிப்பானுக்குப் போகும் வால்வைத் தொடவே கூடாது. நிலவறையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒவ்வொன்றிலும் அட்டை எழுதிக் கட்டியிருந்தால் பிழைத்தோம்.

ஆகவே விவரம் தெரிந்த சங்கங்கள் இந்த இரண்டு வாரத்துக்கு உள்ளூரில் ஓர் ஆளுக்குக் கூலி கொடுத்துச் சாவியைத் தருகின்றன. அவர் செய்வதில் விஞ்ஞானம் பெரிதாக ஒன்றும் இல்லை. காலையில் வருவார். காலணியில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு நிலவறைக்கு இறங்குவார். பாய்லரின் முள்ளைப் பார்ப்பார். உலர்குழாயின் காற்றழுத்தத்தைக் குறித்துக்கொள்வார். வடக்குச் சுவர் குளியலறைக்குப் போய், தொட்டிக்குக் கீழே அலமாரிக் கதவு திறந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்து, புறங்கையால் குழாயைத் தொடுவார். பிறகு மாடிப்படியின் நடுவில் ஒரு நிமிடம் அசையாமல் நிற்பார். ஐம்பது பேர் இருக்கும்போது இந்த வீட்டில் எதுவும் காதில் விழாது. இப்போது இரண்டு மாடிக்கு மேலே சுவருக்குள் ஒரு சொட்டு விழுந்தால்கூடக் கேட்கும். ஒன்றும் கேட்கவில்லை என்றால், மேலே ஏறுவார்.